ஏ.எஸ்.400 வேலைக்கு ஆள் இல்லை என்பது பாதி உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் நடுவே மடித்து வந்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘ஏ.எஸ்.400 படியுங்கள், உலகம் முழுக்க ஆள் தட்டுப்பாடு, 90 நாளில் வேலை உறுதி’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நோட்டீஸ் வைப்பது ஏஜெண்டின் ஏற்பாடு, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தெரியும். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்வதிபுரத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டிலிருந்து என்னிடம் வந்து, ‘அக்கா, பிள்ளையைச் சேர்க்கலாமா?’ என்று கேட்டார்கள். நான் 31 வருஷமாக இந்த மெஷினில்தான் வேலை செய்கிறேன். வாசலில் நின்றுகொண்டு ஐந்து நிமிஷத்தில் அவர்களுக்குச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இதே கேள்வி ஓடுகிறதோ என்ற எண்ணத்தில் விரிவாகவே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டாமல் போட முடிந்தால் நல்லது.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வங்கியின் தலைமையகத்தில் ஓடும் மெயின்ஃபிரேம் என்ற மிகப் பெரிய கம்ப்யூட்டருக்கும் நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஓர் அளவு உண்டு. மிட்ரேஞ்ச் என்பார்கள். ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூன் 21 அன்று அறிவித்த ஏ.எஸ்.400 அந்த வகை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் உருவானது. அதற்கு முன்னால் இருந்த சிஸ்டம் 36, சிஸ்டம் 38 இரண்டுக்கும் வாரிசு. டேட்டாபேஸ், பாதுகாப்பு, வேலைகளை வரிசைப்படுத்துவது எல்லாம் மெஷினோடு சேர்ந்தே வரும், தனித்தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை. அதனால்தான் பெரிய ஐ.டி. பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாத மொத்த வியாபாரிகள், கிடங்குக்காரர்கள், மருந்து விநியோகஸ்தர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், நடுத்தர வங்கிகள் எல்லாம் இதை வாங்கினார்கள். அப்படி வாங்கியவர்களில் நிறையப் பேர் இன்றும் விடவில்லை. 1990-களில் எழுதிய பில்லிங் புரோகிராம் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ புதிய மெஷின்களிலும் அப்படியே ஓடுகிறது என்றால் யார்தான் விடுவார்கள்?

பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 2000-ல் ஐசீரிஸ், 2006-ல் சிஸ்டம் ஐ, 2008-லிருந்து பவர் சிஸ்டம்ஸ் மெஷினில் ஐபிஎம் ஐ. கடைசியாக 7.6 பதிப்பு 2025-ல் வந்திருக்கிறது. பழைய ஆட்கள் நாங்கள் இன்னும் ஏ.எஸ்.400 என்றுதான் சொல்கிறோம். பெயர்க் கதையை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

என் அப்பா கோட்டாறில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டில் கூட்டல் போட்டுக் கொடுப்பேன். பூதப்பாண்டி கடைக்காரர் கும்பப்பூ அறுவடை முடிந்தால்தான் பாக்கி தீர்ப்பார், குளச்சல்காரர் கடலில் மீன் பட்டால் மறுநாளே தருவார் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். யாருடைய பாக்கி 30 நாள், யாருடையது 60 நாள், யாருடையது 90 நாள் தாண்டியது என்று பேரேட்டின் ஓரத்தில் சிவப்பு மசியில் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்திருப்பார். பின்னால் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக பாக்கி அறிக்கை புரோகிராம் ஒன்றைப் பார்த்தபோது, அது அப்பாவின் சிவப்புக் கோடுதான் என்று உடனே புரிந்துவிட்டது. இந்த வேலையில் கம்ப்யூட்டர் அறிவு பாதி, வியாபாரக் கணக்கு அறிவு பாதி.

1995-ல் எம்.சி.ஏ. முடித்த கையோடு சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்தது. எனக்கு ஏ.எஸ்.400 என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் கல்லூரியில் யாருக்குமே தெரியாது. ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டுப் போய் 1992-ல்தான் டாட்டாவோடு சேர்ந்து திரும்பி வந்திருந்தது. ஆகவே பழகிய ஆள் நாட்டிலேயே குறைவு. அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 22 பேரைப் புதிதாக எடுத்து, மூன்று மாதம் சம்பளம் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆர்.பி.ஜி. என்ற மொழியை அங்கேதான் கற்றேன். 1959-ல் ஐபிஎம் 1401 மெஷினுக்காகப் பிறந்த மொழி அது. நாங்கள் படித்த காலத்தில் ஒவ்வொன்றுக்கும் வரியில் ஓர் இடம் உண்டு. 6-ஆவது கட்டத்தில் ‘சி’ எழுத்து, 28-ஆவது கட்டத்தில் செய்ய வேண்டிய கட்டளை என்று கணக்கு. ஒரு கட்டம் தள்ளிப்போனால் புரோகிராம் ஏறாது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, அப்புறம்தான் பச்சை எழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார விடுவார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு பெரியவர். முப்பது தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். இன்றைக்கு என் சாப்பாடு அவர் போட்டது என்றே நினைக்கிறேன்.

சரி, அதன் பிறகு ஒய்2கே வந்தது, அதாவது 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற சிக்கல். வருஷத்துக்கு இரண்டே இலக்கம் வைத்து எழுதிய லட்சக்கணக்கான வரிகளைத் திருத்த ஆள் வேண்டும் என்று அமெரிக்காவே கூப்பிட்டது. எச்1பி விசா எண்ணிக்கையை 65,000-லிருந்து 1,15,000 ஆக்கினார்கள், பிறகு 1,95,000 ஆக்கினார்கள். நானும் 1998-ல் ஒஹையோவுக்குப் போனேன். 2001-ல் அங்கே சந்தை சரிந்தது. என் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு இடம் கிடைக்கவில்லை, 2002-ல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். விசா எண்ணிக்கையும் 2004-ல் மறுபடி 65,000-க்கு இறங்கியது. இந்தச் சந்தை ஏறும்போது எப்படி ஏறும், இறங்கும்போது எப்படி இறங்கும் என்று ஏழு வருஷத்துக்குள் இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

ஊருக்கு வந்த பின் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. காலையில் நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறி, இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கழக்கூட்டம். பதினேழு வருஷம் இப்படிப் போய் வந்திருக்கிறேன். 2020-லிருந்து வீட்டிலிருந்தே வேலை. இந்த வேலைக்கு எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது முக்கியமே இல்லை என்று அப்போது எல்லோருக்கும் நிரூபணமானது.

இனி நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் தட்டுப்பாடு என்று சொல்வது பொய்யில்லை. 1995-க்கும் 1999-க்கும் இடையில் என்னைப் போல நுழைந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது ஐம்பதுக்கு மேல். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிடுவோம். அடுத்த வரிசை மிகவும் மெலிவு. ஆனால் அந்தத் தட்டுப்பாட்டை நம்பி ஒரு புதுப் பிள்ளை உள்ளே போக முடியுமா என்றால், கதவு பூட்டித்தான் இருக்கிறது. வேலை விளம்பரம் எதை எடுத்தாலும் 8 முதல் 12 வருஷம் அனுபவம், ஃப்ரீ ஃபார்மட் ஆர்.பி.ஜி., எஸ்.க்யூ.எல்., சைனான் என்ற புரோகிராம் உருவாக்கும் கருவி, கூடவே ஜாவா, உடனே சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ‘கற்றுக்கொடுக்கிறோம், வாருங்கள்’ என்று எழுதிய விளம்பரம் ஒன்றையாவது நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டு நாற்றுக்கு ஆள் தேடுகிறார்கள்.

அனுபவம் உள்ளவர்களையாவது சரியாக வைத்திருக்கிறார்களா? என் கதையையே சொல்கிறேன். 2023-ல் என் வாடிக்கையாளர் பழைய மெஷினை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றப்போவதாக முடிவெடுத்தார். ஒரு மாத அவகாசத்தில் எங்கள் ஐந்து பேரை அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் ஒரு ரெக்ரூட்டர் போன் செய்தார். வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார், ஆனால் வேலையின் விவரத்தைச் சொன்னதுமே அது என் பழைய இடம்தான் என்று தெரிந்துவிட்டது. மாற்றம் பாதியில் நிற்கிறது, பழைய மெஷின் இன்னும் மூன்று வருஷமாவது ஓட வேண்டும், அதைத் தெரிந்த ஆள் வேண்டும். என்னை வெளியே அனுப்பிய அதே இருக்கைக்கு, நான் எழுதிய அதே புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ள, மூன்று கை மாறி என்னிடமே வந்தார்கள்.

அந்த மூன்று கைதான் இந்தச் சந்தையின் பெரிய வலி. வாடிக்கையாளர் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியிடம் கொடுப்பார். அது ஒரு வெண்டரிடம் கேட்கும். அந்த வெண்டர் இன்னொரு சின்ன வெண்டரிடம் கேட்பார். ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார்கள். வாடிக்கையாளர் மணிக்கு 62 டாலர் கொடுத்தது பின்னால் ஒரு கூட்டத்தில் அவர்கள் பேச்சிலேயே வெளியே வந்தது. அன்றைய மதிப்பில் 5,000 ரூபாய்க்கு மேல். என் கைக்கு வந்தது மணிக்கு 1,100 ரூபாய். அதிலும் டி.டி.எஸ். பிடித்தம் போக, பில் கொடுத்து 60 நாள் கழித்து. பி.எஃப். கிடையாது, லீவு எடுத்தால் காசு கிடையாது. நடுவில் இருப்பவர்கள் சம்பாதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் தேடுவதும் ஒரு வேலைதான், அதற்குக் கூலி உண்டு. மூன்று பேர் ஒரே வேலைக்குக் கூலி வாங்குவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம். அந்த ரெக்ரூட்டர் ஒரு சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். ‘மேடம், ஏ.எஸ்.400-ல் எத்தனை வருஷம், ஐசீரிஸில் எத்தனை வருஷம், ஐபிஎம் ஐயில் எத்தனை வருஷம், மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டான். ‘தம்பி, மூன்றும் ஒன்றுதான்’ என்றேன். ‘ஃபார்மில் மூன்று கட்டம் இருக்கிறது மேடம், காலியாக விட்டால் சிஸ்டம் எடுக்காது’ என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்படி வடிகட்டினால் நல்ல ஆட்கள் எத்தனை பேர் வெளியே விழுவார்கள் என்று நினைத்தால்தான் மனம் கஷ்டப்படுகிறது.

இப்போது என் அண்ணன் மகள் கதை. நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்தவள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. படித்த பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை, அவர்கள் படித்ததற்கு ஏற்ற வேலைக்குத்தான் பஞ்சம். என்னைப் பார்த்து வளர்ந்ததால் அவளுக்கு இதில் ஆசை. என்னிடம் சொல்லாமலேயே ஓர் இன்ஸ்டிடியூட்டில் 45,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறாள். நோட்டீஸ் கொடுத்தவர்களும் இவர்களும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது, ஊரும் பேரும் இங்கே வேண்டாம். ஏழு வாரம் வகுப்பு. மெஷின் கிடையாது, ஸ்லைடு மட்டும். கடைசி வாரத்தில், வேலை வேண்டுமென்றால் மூன்று வருஷ அனுபவம் போட்டுத்தான் ரெஸ்யூம் அனுப்ப வேண்டும், அதற்குச் சம்பளச் சீட்டும் அனுபவச் சான்றிதழும் நாங்களே ஏற்பாடு செய்வோம், இன்னும் 40,000 ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரி அவள் என் வீட்டுக்கு வந்து அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. ‘அத்தை, அப்பா கட்டிய பணம் போச்சு. பொய் சொன்னால் மட்டும்தான் வேலையாம்’ என்றாள். பொய் அனுபவம் போட்டு உள்ளே போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பில் பிடிபட்டால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, மற்ற இடங்களிலும் கதவு சாத்திக்கொள்ளும். பிடிபடாமல் போனாலும் முதல் மாதக் கடைசி ராத்திரியில் பிடிபட்டுவிடும். அது எப்படி என்று விளக்க ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசி. நல்ல மழை, கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 31 முடிந்து இங்கே அதிகாலை 2.10, ஒஹையோவில் மாலை 4.40. குழாயும் வால்வும் மொத்தமாக விற்கும் ஒரு வியாபாரியின் மாதக் கடைசி பில்லிங் ஓடுகிறது. அண்ணன் மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறாள். திடீரென்று ஜாப் (மெஷினில் ஓடும் வேலையை அப்படித்தான் சொல்வோம்) நின்றுவிட்டது. டெசிமல் டேட்டா எரர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று மெஷின் சொல்கிறது. உள்ளே திறந்து பார்த்தால், லாரி வாடகை இருக்க வேண்டிய இடத்தில் 40 40 40 40 என்று நிற்கிறது. 40 என்றால் இந்த மெஷினின் கணக்கில் வெற்றிடம். பூஜ்யமாக இருந்திருந்தால் 00 00 00 0எஃப் என்று இருக்க வேண்டும். யாரோ எக்ஸெலிலிருந்து ஏற்றும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

மெஷின் பதிலுக்குக் காத்திருக்கிறது. சி என்று அடிக்கலாம், ஜி என்று அடிக்கலாம், வேறு இரண்டு மூன்று எழுத்தும் உண்டு. சி என்றால் ஜாபே முடிந்துவிடும். ஜி என்றால் இந்தப் புரோகிராம் அடுத்த பில்லுக்குப் போய்விடும். அவள் உடனே, ‘ஜி போட்டுவிட்டால் ஓடிவிடுமே அத்தை’ என்றாள். ஓடும். ஆனால் இந்த ஒரு பில் விடுபட்டுப்போய் அந்த மாதக் கணக்கிலேயே வராது. சி போட்டு முதலிலிருந்து ஓட்டினால் ஏற்கெனவே போன 1,140 பில்லும் இரண்டாவது தடவை போகும், மறுநாள் காலையில் 1,140 வாடிக்கையாளரும் சண்டைக்கு வருவார்கள். மேலும் காலியாக இருக்கும் வாடகை பூஜ்யமா, அல்லது மறந்துபோன தொகையா? அந்த வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த லாரியில் வந்து எடுத்துப்போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பூஜ்யம்தான். இன்னும் ஓடாத பில்களில் இதே மாதிரி வேறு எத்தனை இருக்கிறது என்று தேடினேன். ஐந்து இருந்தது. அந்த ஐந்தையும் நின்றுபோன ஒன்றையும் முதலில் திருத்தினேன். அப்புறம் ஜி அடித்து ஓடவிட்டேன். கடைசியில் விடுபட்ட அந்த ஒன்றை மட்டும் தனியாக ஓட்டினேன். மொத்தம் 35 நிமிஷம்.

இந்த வரிசை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. யாராவது பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினால்தான் வரும். எனக்கு 1995-ல் அந்தப் பெரியவர் காட்டினார். மூன்று வருஷ அனுபவம் என்று எழுதி வைத்துக்கொண்டு இதன் முன்னால் தனியாக உட்காரும் பிள்ளை அந்த அதிகாலையில் என்ன செய்யும்? ஜி அடிக்கும். ஆறு தடவை நிற்கும், ஆறு தடவையும் ஜி அடிக்கும். ஆறு பில் காணாமல் போகும்.

சரி, எப்படியும் இந்த மெஷின்கள் போகப்போகின்றனதானே, எதற்கு இத்தனை கவலை என்று சிலர் கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போகும் இடங்கள் போகட்டும். போகும் வரைக்கும் பார்த்துக்கொள்ளவும், பத்திரமாக மாற்றிக்கொடுக்கவும் இதைப் படிக்கத் தெரிந்த ஆள்தானே வேண்டும்? மாற்றும் வேலை பல இடங்களில் பாதியில் நிற்பதே, பழைய புரோகிராமுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாததால்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒய்2கே சமயத்தில் எல்லாத் தேதியையும் நாங்கள் நான்கு இலக்கமாக்கிவிடவில்லை. நேரமில்லாத இடங்களில் ஒரு கோடு போட்டோம். இரண்டு இலக்க வருஷம் 40-க்குக் கீழே இருந்தால் 2000-த்துக்குப் பிறகு, 40-லிருந்து மேலே இருந்தால் 1900-களில் என்று. 39 என்றால் 2039, 40 என்றால் 1940. அன்றைக்கு 2040 வெகுதூரத்தில் இருந்தது. இந்த 2026-ல் ஒருவருக்கு 15 வருஷக் கடன் கொடுத்தால் அது முடிவது 2041-ல். அந்தப் பழைய கோடு இருக்கும் புரோகிராமில் அது 1941 ஆகிவிடும், கடன் தொடங்குவதற்கு முன்பே முடிந்த கணக்காகும். ஆகவே இந்தத் திருத்த வேலை 2040-க்குக் காத்திருக்காது, நீண்ட காலக் கடன் கொடுக்கும் இடங்களில் இப்போதே தேவை. ஒய்2கேக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இதற்கு யாரைக் கூப்பிடுவார்கள்?

அமெரிக்காவுக்குப் போகும் கனவைப் பற்றியும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனு ஒன்றுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் உத்தரவு போட்டார். அவ்வளவு கட்டி ஒரு புதுப் பிள்ளையை யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். நோட்டீஸில் விமானம் படம் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். வேலை இங்கே, இந்த ஊரில், ராத்திரி நேரத்தில் செய்வதாகத்தான் இருக்கும்.

தெருவில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். படிக்க ஆசை இருந்தால் படிக்கட்டும், ஆனால் 45,000 கட்டிப் படிக்க வேண்டியதில்லை. பப்400 என்று ஜெர்மனியில் ஒரு பொது மெஷின் இருக்கிறது. பதிவு செய்தால் இலவசமாக யூசர் ஐடி தருவார்கள், நிஜமான ஐபிஎம் ஐ அது. வி.எஸ். கோடு என்ற மென்பொருளும் இலவசம், இப்போதைய பிள்ளைகள் அதில்தான் ஆர்.பி.ஜி. எழுதுகிறார்கள். கட்டம் பார்த்து எழுதும் கஷ்டமும் இப்போது இல்லை. ஃப்ரீ ஃபார்மட்டில் மற்ற மொழிகளைப் போலவே எழுதலாம். ஆனாலும் பழைய கட்டக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருப்பதில் நிறைய அதுதான். கூடவே கொஞ்சம் வியாபாரக் கணக்கு. பற்று, வரவு, சரக்கிருப்பு, பாக்கி. பி.இ. படித்த பிள்ளைகளை விட பி.காம். படித்த பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஐந்து அனுபவசாலிகள் இருக்கும் இடத்தில் ஒரு புதியவரையாவது உட்காரவையுங்கள். வாடிக்கையாளரிடம் பில் போட முடியாத ஆறு மாதச் சம்பளம் உங்களுக்கு ஒரு பெரிய தொகையே இல்லை. எங்களில் பலர் இன்னும் நான்கைந்து வருஷம்தான் இருப்போம். அதற்குள் சொல்லிக்கொடுக்க நாங்கள் தயார். கல்லூரிகளுக்கும் அரசுக்கும் கூட இதில் வேலை இருக்கிறது. நான் முதல்வன் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. அது மாதிரி ஏற்பாட்டில் கோணத்திலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இரண்டு மாத வகுப்பு ஒன்று வைத்தால், சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற ஆட்கள் இந்த மாவட்டத்திலேயே கிடைப்பார்கள். எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள். கூலி கூடப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மகளோடு சேர்த்து ஏழு பேர் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். ஒருத்தி பி.காம்., களியக்காவிளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் வேண்டுமென்றே கெட்ட டேட்டாவை ஏற்றி ஜாபை நிறுத்தி வைத்தேன். அந்த பி.காம். பிள்ளைதான் ஜி அடிக்கப் போன கையைத் தடுத்து, ‘முதல்ல மிச்சம் எத்தனை இருக்குன்னு பார்ப்போம்’ என்றாள்.

இந்த ஏழு பேரின் ரெஸ்யூமிலும் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறது. பார்க்க விரும்பும் கம்பெனிக்காரர்கள் உங்கள் நாகர்கோவில் அலுவலகத்தில் கேட்டால் நான் அனுப்பிவைக்கிறேன். இன்னமும் ஒப்பந்தத்தில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம். முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆர்.பி.ஜி. புரோகிராமர்,
பார்வதிபுரம், நாகர்கோவில்.